சாவி கொடுக்க ஒரு கை வேண்டும்

'தி மவுஸ் அண்ட் ஹிஸ் சைல்ட்' என்று 1977-இல் ஒரு அனிமேஷன் படம் வந்தது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் பொம்மைப் படம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ரஸ்ஸல் ஹோபன் 1967-இல் எழுதிய சிறுவர் நாவலை வைத்து ஃபிரெட் வுல்ஃபும் சார்லஸ் ஸ்வென்சனும் இயக்கிய படம்.

சாவி பொம்மை தெரியும் இல்லையா, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் கடைகளில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குமே, அந்த மாதிரி இரண்டு தகர எலிகள், அப்பாவும் மகனும். இரண்டு பேரின் கையும் சேர்த்தே செய்யப்பட்டிருக்கும், சாவி அப்பாவின் முதுகில். முடுக்கிவிட்டால் அப்பா வட்டமாகச் சுழன்று மகனைத் தூக்கித் தூக்கி இறக்குவார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த வேலை. அப்புறம் உடைந்து குப்பைக்குப் போகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் எடுத்து ஏதோ தனக்குத் தெரிந்த வரைக்கும் சரிசெய்கிறான், ஆனால் பழைய ஆட்டம் திரும்பி வரவில்லை, நேராக நடக்க மட்டும் முடிகிறது. கை பிணைந்திருப்பதால் அப்பா முன்னோக்கி நடந்தால் மகன் பின்னோக்கித்தான் நடந்தாக வேண்டும். போகிற இடம் மகனுக்குத் தெரியாது, அப்பா முகம் மட்டும்தான் தெரியும்.

அக்கா மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். "மாமா, அப்ப அப்பா பயந்தா அந்தக் குட்டிக்கு உடனே தெரிஞ்சிடுமே?" என்று கேட்டாள். எனக்கு இது தோன்றவே இல்லை. ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், திண்ணையில் இரண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்காகப் பாதிக் கதையைத் தெலுங்கிலும் சொல்ல வேண்டியிருந்தது, அவன் கேட்டதெல்லாம் மேனி என்ற எலியைப் பற்றித்தான். குப்பைமேட்டுக்கு ராஜா அவன். உடைந்த பொம்மைகளைப் பிடித்துவந்து அடிமைகளாக வைத்து வேலை வாங்குவான், முடியவில்லை என்று சொன்ன கழுதைப் பொம்மையை எல்லோர் கண் முன்னாலும் உடைத்து உதிரி பாகமாக்கிவிடுவான். படத்தில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் பீட்டர் உஸ்தினோவ், அந்தக் குரலுக்காகவே ஒரு முறை பார்க்கலாம்.

இது குழந்தைகளுக்கு ஆகாது, பயந்துவிடும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு என்ன ஆகிறது என்று தறி ஓடுகிற ஊரில் வளரும் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததை ஒரு கதை மறைக்காமல் சொன்னால் அதற்குத் தைரியம்தான் வரும்.

குட்டி எலிக்கு ஒரு பெரிய ஆசை. பொம்மைக் கடையில் கூட இருந்த யானைதான் அம்மாவாக வேண்டும், கடல்நாய்தான் அக்காவாக வேண்டும். கொலுவுக்கு எடுக்கிற மரப்பாச்சி ஜோடிக்குப் பட்டு கட்டி, புருஷன் பொண்டாட்டியாக்கி, பிள்ளை குட்டியும் சேர்த்து வைக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளின் ஆசைதான் இதுவும், இங்கே பொம்மையே ஆசைப்படுகிறது என்பதுதான் வித்தியாசம். அப்பாவின் ஆசை வேறு. யாரும் சாவி கொடுக்காமல் தானாக ஓட வேண்டும். அதற்காக இரண்டு பேரும் படுகிற பாடுதான் மொத்தக் கதையும்.

படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதனால் கடைசிப் பகுதியில் ஓட்டம் அதிகம். மெதுவாகப் பார்க்க வேண்டிய இடங்களைக்கூட அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நாவலில் அந்த அவசரம் இல்லை. குளத்தின் அடியில் சேற்றில் சிக்கி அசையவே முடியாமல் கிடக்கும்போது எதிரே ஒரு பழைய நாய்த்தீனி டப்பா. அதன் லேபிளில் அதே டப்பாவை ஏந்திய ஒரு நாய், அந்தப் படத்துக்குள் இன்னும் சின்னதாக ஒரு நாய், அதற்குள்ளும் ஒன்று. கண்ணுக்குத் தெரிகிற கடைசி நாய்க்கு அப்பால் என்ன இருக்கிறது என்று குட்டி எலி பார்த்துக்கொண்டே இருக்கும். காகிதத்துக்கு அப்பால் வெறும் தகரம்தான், அதில் தெரிவது அவன் முகம். சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் இப்படி ஒரு இடத்தை எழுத எவ்வளவு நம்பிக்கை வேண்டும் வாசிக்கிறவர்கள் மேல்!

தானாக ஓடும் வரமும் ஒருவழியாகக் கிடைக்கிறது. ஆனால் நாவலில் ஒருநாள் அதுவும் ஓய்ந்து நின்றுவிடும், பழைய நண்பன் தவளை வந்து சாவியைத் திருப்புவான். யாரும் முழுக்க முழுக்கத் தானாகவே ஓடிவிட முடியாது, நண்பர்கள் பின்னே எதற்கு என்பதுதான் அவன் பேச்சு. சொந்தக் காலில் நில், சொந்தக் காலில் நில் என்றே பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், மீதிப் பாதியை யார் சொல்வது? இந்தக் கதை சொல்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஏழெட்டு வயதுக்கு மேல் இருந்தால் படத்தைக் காட்டுங்கள், ஆனால் கூட உட்கார்ந்து பாருங்கள். கழுதை வரும் இடத்தில் நிறுத்தி அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் தொடருங்கள். ஆங்கிலம் வாசிக்கிற வயது என்றால் நாவலை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.