ரீஃபண்ட் மெயிலும் நாகர்கோவில் அலைச்சலும்

மோசடியில் சித்தப்பா கணக்கிலிருந்து போன பணத்தில் ஒரு பகுதியை முடக்கி வைத்திருப்பதாக இன்றைக்குத்தான் தகவல் வந்தது. மனசு கொஞ்சம் ஆறினாலும், வங்கிக் கிளையில் நடந்ததை நினைத்தால் இன்னும் எரிகிறது.

வருமான வரி ரீஃபண்ட் தயார் என்று மெயில். அவர் ஜூலையில் ரிட்டர்ன் போட்டிருந்ததால் சந்தேகம் வரவில்லை. லிங்கைத் தொட்டதும் அச்சு அசலாக வருமான வரித் துறையின் பக்கம் போலவே இருந்திருக்கிறது. கார்டு எண், சிவிவி (கார்டில் இருக்கும் ரகசிய எண்), ஓடிபி எல்லாம் கேட்டிருக்கிறது. "மக்களே, ரூவா வரும்னு பாத்தா இருந்ததும் போச்சே" என்று தக்கலையிலிருந்து போன் பண்ணினார்.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைக்கச் சொன்னேன், கார்டையும் முடக்கினோம். அதெல்லாம் சட்டென்று முடிந்தது.

மறுநாள் கிளையில் புகார் மனுவை வாங்கவே மாட்டேன் என்றார் கவுண்டரில் இருந்தவர். "ஓடிபி நீங்க குடுத்ததுதானே சார், போலீஸ்ல போய்ச் சொல்லுங்க." ஓய்வுபெற்ற ஆசிரியர், அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றார். அங்கிருந்து நாகர்கோவில் சைபர் கிரைம் காவல் நிலையம். அங்கே பரிவர்த்தனை எண்ணோடு ஸ்டேட்மெண்ட் கேட்டார்கள். அதைக் கிளையில் தரவே இல்லை. திரும்பவும் தக்கலை பஸ்.

இந்த முறை மேலாளரிடமே போனேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவே ஆனாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் புகார் நேரம் பதிவாவது முக்கியம். அதைச் சொன்னதும் முத்திரை வைத்த ஒப்புகை கையில் வந்தது. தயவுசெய்து யாரும் வாய்மொழிப் புகாரோடு திரும்பாதீர்கள்.

அந்த மெயிலைப் பிறகு பார்த்தேன். போனில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முகவரி விரியும். அதில் அரசு முகவரிகளின் முடிவில் வரும் 'கவ் டாட் இன்' (gov.in) இருந்தது, ஆனால் நடுவில். முகவரி எதில் முடிகிறது என்பதுதான் கணக்கு. லிங்கிலும் அப்படியே, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் என்ன முடிகிறது என்று பாருங்கள். இணைய முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பவே வேண்டாம், மோசடிப் பக்கத்துக்கும் அது கிடைக்கும். ரீஃபண்ட், நாம் ஏற்கெனவே சரிபார்த்துக் கொடுத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதற்குக் கார்டு எண்ணோ ஓடிபியோ துறை கேட்பதில்லை.

முடக்கிய பணத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டுமாம். மனு எழுதி வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.