10-க்கு 10 அறையில் மிக்ஸிங்: சிறிய ஸ்டுடியோ மானிட்டர்களை ஒப்பிட்டுக் கேட்டபோது

சிறிய அறையில் மிக்ஸிங் செய்ய, அதாவது பதிவான ஒலிகளைச் சமன்செய்து ஒரே பாட்டாகக் கலக்க, எந்த ஸ்டுடியோ மானிட்டர் (ஒலியை உள்ளபடி காட்டும் ஸ்பீக்கர்) நல்லது என்று கேட்கும் நண்பர்கள், வூஃபர் (கீழ் ஒலிகளுக்கான கூம்பு) எத்தனை அங்குலம், எத்தனை வாட், என்ன விலை என்ற மூன்றைத்தான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். அறை எவ்வளவு பெரியது, மேசை எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்ற பேச்சு வருவதே இல்லை. யமஹா எச்.எஸ்.5, ஜே.பி.எல். 305பி மார்க் 2, ஆடம் டி5வி, ஐகே மல்டிமீடியாவின் ஐலவுட் மைக்ரோ மானிட்டர், ஜெனெலெக் 8010, 8020 ஆகியவற்றை என் அறையிலும் நண்பர்களின் அறைகளிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரே ஸ்பீக்கர் இரண்டு அறைகளில் ஒலிப்பதற்கும், ஒரே அறையில் இரண்டு ஸ்பீக்கர்கள் ஒலிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை எடைபோட்டால், முதல் வேறுபாடே பெரியது. ஆகவே மாடல்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் அறையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நம் ஊர் அடுக்ககங்களில் மிக்ஸிங்குக்கு ஒதுக்க முடிகிற அறை பெரும்பாலும் 10-க்கு 10 அடிப் படுக்கையறைதான். கூரையின் உயரமும் ஏறக்குறைய 10 அடி என்பதால், அது ஒரு கனசதுரப் பெட்டியாக அமைந்துவிடுகிறது. ஒலியியல் நோக்கில் இதைவிடக் கடினமான வடிவம் வேறு இல்லை. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையில் ஓர் அலையின் பாதி நீளம் சரியாக அடங்கும்போது, அந்த அதிர்வெண்ணில் அறையே ஒத்ததிரத் தொடங்குகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர், ஒலியின் வேகத்தை நம் ஊர் வெப்பநிலையில் வினாடிக்கு 346 மீட்டர் என்று கொண்டால், அந்த அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும்போது மூன்று திசைகளின் ஒத்ததிர்வும் அதே 57 ஹெர்ட்ஸில் வந்து குவிகிறது. அடுத்தது 113 ஹெர்ட்ஸிலும் அதேபோல் குவிகிறது. பேஸ் கிட்டாரின் கீழ் ஏ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அறையின் நட்டநடுவில் அமர்ந்தால் அந்த ஸ்வரம் காணாமல் போகும். பின்சுவரை ஒட்டி அமர்ந்தால் அது மட்டும் மற்ற ஸ்வரங்களை விழுங்கிக்கொண்டு உறுமும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 விழுக்காட்டுத் தொலைவில், அதாவது இந்த அறையில் சுமார் 1.16 மீட்டரில் தலை இருக்கும்படி அமர்வது நல்ல தொடக்கம் என்று ஒலிப்பதிவுத் துறையில் சொல்லப்படுவது, இந்த இரண்டு ஓரங்களிலிருந்தும் விலகி நிற்பதற்காகத்தான்.

இணையத்தில் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் பரவலாக இருக்கின்றன. அவை தாமே அதிர்ந்து, கீழ் அதிர்வெண்களில் ஒரு பகுதியை உறிஞ்சியும் வெளியே கடத்தியும் விடுகின்றன. நம்முடைய செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் அப்படி எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு முறை உள்ளே பிறந்த பேஸ், சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் நிற்கிறது. அங்கே ஒருவர் தம் படுக்கையறையில் 8 அங்குல வூஃபரை நிம்மதியாக ஓட்டுகிறார் என்பது, நம் அறையிலும் அது ஓடும் என்பதற்குச் சான்றாகாது.

இதைவிட நுட்பமான, நம் இசைக்கு நேரடியாகத் தொடர்புள்ள சிக்கல் ஒன்று உண்டு. கீழ் அதிர்வெண்களில் ஸ்பீக்கர் முன்பக்கம் மட்டும் ஒலிப்பதில்லை. ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, ஸ்பீக்கரின் முகத்திற்கும் சுவருக்கும் உள்ள தூரம் கால் அலைநீளமாக இருந்தால், நேரடியாக வரும் ஒலியை அது அடித்து, அந்த அதிர்வெண்ணில் ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 66 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது பள்ளம் விழும் இடம் 131 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் இருப்பதும் அதே 131 ஹெர்ட்ஸில்தான். தூரத்தை 44 சென்டிமீட்டராகக் குறைத்தால் பள்ளம் 196 ஹெர்ட்ஸுக்கு நகர்கிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகரின் ஷட்ஜம் அங்கே இருக்கிறது. மேலே உள்ள இணையொலிகள் கேட்டுக்கொண்டிருப்பதால் ஷட்ஜம் முற்றிலும் மறையாது. ஆனால் குரலின் அடிவயிறு மெலிந்து, தம்புரா பஞ்சுபோல ஒலிக்கும். மிக்ஸ் செய்பவர் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) அந்த இடத்தை 3, 4 டெசிபல் தூக்குவார். அந்தப் பதிவைக் காரிலோ வேறு வீட்டிலோ கேட்கும்போது, பாடகர் ஷட்ஜத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் குரல் வீங்கும். இந்தக் குற்றத்தில் ஸ்பீக்கருக்குப் பங்கே இல்லை. எந்த நிறுவனத்தின் ஸ்பீக்கரை அந்த இடத்தில் வைத்தாலும் இதுவே நடக்கும்.

இதற்குச் சிறிய அறையில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி, ஸ்பீக்கரைச் சுவருக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைப்பது. முகத்திற்கும் சுவருக்கும் 30 சென்டிமீட்டர் இருந்தால் பள்ளம் 288 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்த அதிர்வெண்ணை 4 அங்குலத் தடிமனுள்ள ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் பாறைப் பஞ்சு) பலகையால் ஓரளவு அடக்க முடியும், 131 ஹெர்ட்ஸை அப்படி எளிதில் அடக்க முடியாது. சுவரை நெருங்குவதற்கு ஒரு விலை உண்டு: கீழ்ப்பகுதி முழுவதும் 6 டெசிபல் வரை தடிக்கலாம். சிறிய மானிட்டர்களின் முதுகில் உள்ள சுவிட்சுகள் இதற்காகவே இருக்கின்றன. எச்.எஸ்.5-இல் ரூம் கன்ட்ரோல் என்ற சுவிட்ச் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கிறது. 305பி-யில் பவுண்டரி ஈக்யூ 1.5 அல்லது 3 டெசிபல் குறைக்கிறது. வாங்கி ஆண்டுக்கணக்காகியும் இந்தச் சுவிட்சைத் தொடாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் மேசையில் சுவரை ஒட்டி இருக்கும், சுவிட்ச் சுழியத்தில் நிற்கும், பேஸ் அதிகமாக இருக்கிறது என்று ஸ்பீக்கரையே விற்றுவிடுவார்கள்.

இங்கே போர்ட்டைப் பற்றி, அதாவது பேஸுக்காகப் பெட்டியில் விடும் காற்றுத் துளையைப் பற்றி, ஒரு சொல். பின்பக்கம் போர்ட் உள்ள ஸ்பீக்கரைச் சுவரருகே வைக்கக் கூடாது, முன்போர்ட் இருந்தால் வைக்கலாம் என்ற நம்பிக்கை கடைக்காரர்கள் வரை பரவியிருக்கிறது. போர்ட் மூச்சுவிட ஒரு சாண் இடம் இருந்தால் போதும். சுவரால் வரும் பேஸ் தடிப்பு போர்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, ஏனெனில் அந்த அலைநீளங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு எப்படியும் பின்னால் போய்விடுகின்றன. எச்.எஸ்.5, 305பி, டி5வி மூன்றுக்கும் பின்போர்ட்தான். ஐலவுட் மைக்ரோவுக்கு முன்போர்ட். இந்த ஒரு காரணத்துக்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை.

விவரத்தாளைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். எச்.எஸ்.5-க்கு 54 ஹெர்ட்ஸ் முதல் என்று கடைப்பக்கங்களில் எழுதியிருக்கும். அது ஒலி தன் வழக்கமான அளவிலிருந்து 10 டெசிபல் இறங்கிய இடத்தில் எடுத்த அளவு. 3 டெசிபல் இறக்கத்தில் பார்த்தால் அதே ஸ்பீக்கர் 74 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. 305பி-யின் 43 ஹெர்ட்ஸும் 10 டெசிபல் கணக்குதான். 3 டெசிபல் கணக்கில் அது 49. ஜெனெலெக் 6 டெசிபல் இறக்கத்தில் 8010-க்கு 67 ஹெர்ட்ஸ், 8020-க்கு 56 ஹெர்ட்ஸ் என்று தருகிறது. வெறும் எண்களை வரிசையாக வைத்து, 8010-ஐ விட எச்.எஸ்.5 ஆழமாகப் போகிறது என்று முடிவு செய்தால் அது தவறான அளவுகோலில் எடுத்த முடிவாகும். இரண்டும் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன.

இனி ஒவ்வொன்றின் குணத்துக்கு வருகிறேன். எச்.எஸ்.5-இன் வெள்ளைக் கூம்பு, 1978-இல் வெளிவந்து 2001-இல் உற்பத்தி நின்ற, யமஹாவின் பழைய ஸ்டுடியோ மானிட்டரான என்.எஸ்.10-ஐ நினைவூட்டுவதற்காக வைக்கப்பட்டது. என்.எஸ்.10 மூடிய பெட்டி, எச்.எஸ்.5 போர்ட் உள்ள பெட்டி என்பதால் இரண்டும் ஒரே வகை அல்ல. ஆனால் நடுப்பகுதியை முன்னால் தள்ளிக் காட்டும் போக்கு இதிலும் இருக்கிறது. வயலினும் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதை, மூக்கொலியின் உறுத்தலை, மிருதங்கத்தின் வலந்தலை குரலைக் குத்துவதை இது ஒளிக்காமல் சொல்கிறது. நீண்ட நேரம் கேட்டால் காது களைக்கிறது என்பது உண்மை. தொப்பியின் கும்கி எவ்வளவு இறங்குகிறது என்பதை இதில் மட்டும் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது.

305பி-யின் சிறப்பு அதன் ட்வீட்டரை (மேல் ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரை) சுற்றியுள்ள வேவ்கைடு, அதாவது ஒலி பரவும் திசையை ஒழுங்குபடுத்தும் குழிவு. ஜே.பி.எல்.-இன் பெரிய எம்2 மானிட்டருக்காக உருவான வடிவத்திலிருந்து வந்தது அது. பக்கவாட்டில் போகும் ஒலியும் நேரே வரும் ஒலியும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பதால், தலையைச் சற்று நகர்த்தினாலும் நடுவில் நிற்கும் குரல் நழுவுவதில்லை. ரிவெர்ப் (குரலைச் சுற்றிச் சேர்க்கும் எதிரொலிப்பு) எவ்வளவு என்று தீர்மானிப்பதற்கு இந்த விலைக்குள் இதைவிட உதவிய ஸ்பீக்கரை நான் கேட்டதில்லை. குறை என்னவென்றால் சீறல். பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து வரும் மெல்லிய ஹிஸ், 80 சென்டிமீட்டர் தூரத்தில் இரவு அமைதியில் தெளிவாகக் கேட்கிறது. பகலில் மின்விசிறி அதை மூடிவிடும். இரவில் வேலை செய்பவர்கள் வாங்குமுன் கடையில் அமைதியான இடத்தில் காதை அருகே வைத்துக் கேட்டுவிட வேண்டும்.

டி5வி-யில் மடிப்பு ரிப்பன் வகை ட்வீட்டர் இருக்கிறது. தம்புராவின் ஜீவாவையும் ஜால்ராவின் நீட்சியையும் அது இழை இழையாகக் காட்டுவதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் வெற்றுச் சுவர் உள்ள அறையில் இது மிகவும் பளிச்சென்று ஒலிக்கிறது, அதனால் மேல்பகுதியைக் குறைத்து மிக்ஸ் செய்யும் அபாயம் இருக்கிறது. கனமான திரையும் பக்கச் சுவர்களில் பலகையும் உள்ள அறைக்கே இதைச் சொல்வேன்.

ஐலவுட் மைக்ரோ மானிட்டரில் வூஃபர் 3 அங்குலம்தான். உள்ளே இருக்கும் டிஎஸ்பி (எண்முறை ஒலிச் செயலி) சின்னப் பெட்டியிலிருந்து 55 ஹெர்ட்ஸ் வரை இழுத்துக் காட்டுகிறது. மேசையிலிருந்து எழும் எதிரொலியைக் கணக்கில் கொண்டு ஈடுசெய்யும் டெஸ்க் என்ற சுவிட்ச் இருப்பது, மேசையைத் தவிர வேறு இடமில்லாதவர்களுக்கு மிகவும் பயன்படுகிறது. இதில் இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு இணைப்பு இல்லை, ஆர்.சி.ஏ., 3.5 மி.மீ. வழிகள்தான். மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போது இரைச்சல் ஏற இடமுண்டு. புளூடூத் பாட்டுக் கேட்பதற்கு மட்டுமே. அதன் தாமதத்தை வைத்துக்கொண்டு மிக்ஸிங் முடியாது. சத்தத்தைக் கூட்டினால் கீழ்ப்பகுதி இறுகிவிடுகிறது, அதனால் 60, 70 சென்டிமீட்டர் தூரத்தில் அளவாகக் கேட்பவர்களுக்கே இது.

ஜெனெலெக் இரண்டும் வேறு தரம், வேறு விலை. 8010-இல் 3 அங்குல வூஃபர், 8020-இல் 4 அங்குல வூஃபர்; வார்ப்பு அலுமினியப் பெட்டி, ட்வீட்டரின் உயரத்தைக் காதுக்கு நேராகச் சாய்த்துக்கொள்ள அடியில் ரப்பர் தாங்கி. நான் கேட்டவற்றில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மிகத் தெளிவாகப் பேசியது 8020. வீணையின் மந்தர ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் வழுக்கும்போது, அந்த நகர்வின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே கேட்கிறது. மற்றவற்றில் அது ஒரே முனகலாகக் கலந்துவிடுகிறது. சிக்னல் இல்லாதபோது தானாக உறங்கிவிடும் வசதியை, மென்மையான ஆலாபனைகளோடு வேலை செய்பவர்கள் பின்பக்கச் சுவிட்சில் அணைத்துவிடுவது நல்லது.

சத்தத்தின் அளவும் ஒப்பீட்டைக் கெடுக்கும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகவே தெரியும் என்பதால், இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒன்று 2 டெசிபல் கூடுதலாக இருந்தாலும் அதுவே நல்லது என்று தோன்றிவிடும். பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சலை) ஓடவிட்டு, கைபேசியில் ஓர் அளவி வைத்தாவது இரண்டையும் சமன்செய்த பிறகே கேட்க வேண்டும். இவ்வளவு சிறிய அறையில் 75 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் ஓட்டினால் சுவர்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. மின்விசிறி ஓடும்போது ரிவெர்பின் வால் கேட்காது. அந்த முடிவுகளை எடுக்கும் சில நிமிடங்களாவது அதை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

என் பரிந்துரை இப்படி அமைகிறது. கையில் பணம் இருந்தால் 8020. இல்லையென்றால், குரலும் பக்கவாத்தியமும் முதன்மையாக உள்ள பதிவுகளுக்கு எச்.எஸ்.5, மின்னணு ஒலிகளும் அகன்ற ஸ்டீரியோவும் உள்ள பாடல்களுக்கு 305பி. இவற்றில் பலவற்றை ஒற்றை ஸ்பீக்கராகவே விற்கிறார்கள், ஆகவே இணையக் கடையில் காட்டும் விலை ஒன்றுக்கா ஜோடிக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 7, 8 அங்குல மாடலுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தக் கூடுதல் பணத்தில் ராக்வூல் பலகைகள் வாங்கி நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து மேல்வரை நிறுத்துங்கள். கடைகளில் கிடைக்கும் 1 அங்குல முட்டைத்தட்டு ஃபோம் 57 ஹெர்ட்ஸை எதுவும் செய்யாது. கைதட்டினால் எழும் எதிரொலியை மட்டும் குறைக்கும். 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள முடிவுகளை, எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும், திறந்த வகை ஹெட்ஃபோன் ஒன்றில் சரிபார்த்த பிறகே பதிவை அனுப்புங்கள்.