பால்மாவுக்குப் பின்னால் எரியும் நிலக்கரி

இலங்கையில் நம் வீடுகளில் தேநீருக்குக் கரைக்கும் பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. அதை உலர்த்துவதற்கு எரியும் நிலக்கரியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அந்த நிலக்கரியைக் கைவிட முயலும் தொழிற்சாலைகளுக்கு எத்தகைய உதவி உண்மையில் பயன்படும் என்பதை இங்கு எழுத விரும்புகிறேன்.

பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர். அதை முதலில் வெற்றிட ஆவியாக்கிகளில் கெட்டிப்படுத்தி, பிறகு கோபுரம் போல் உயர்ந்த உலர்த்தியினுள் 200 பாகை செல்சியஸை ஒட்டிய சூடான காற்றில் தெளித்து மாவாக்குகிறார்கள். இதற்கு நீராவி தடையின்றிக் கிடைக்க வேண்டும். நியூசிலாந்தின் வட தீவில் இயற்கை வாயுக் குழாய்வழி உண்டு. தென் தீவில் அது இல்லாததால், அங்குள்ள கொதிகலன்கள் நீண்டகாலமாக நிலக்கரியையே நம்பியிருந்தன. ஒரு கொதிகலன் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியது. நன்றாக இயங்கும் ஒன்றைப் பாதி ஆயுளில் அகற்ற எந்த நிர்வாகமும் தயங்கும். உதவி தேவைப்படுவது இந்தத் தயக்கத்தைக் கடப்பதற்குத்தான்.

மாற்றுவழி ஒன்றே ஒன்று அல்ல. மோக்காய் என்னுமிடத்தில் மாவோரி அறக்கட்டளைகள் உருவாக்கிய மிராக்கா நிறுவனம், 2011 முதல் புவிவெப்ப நீராவியைக் கொண்டே பாலை உலர்த்துகிறது. சின்லேட் நிறுவனம் 2019இல் டன்சான்டெலில் மின்சாரத்தால் நீராவி உண்டாக்கும் மின்முனைக் கொதிகலனை நிறுவியது. நாட்டின் மிகப் பெரிய பால் நிறுவனமான பொன்டெரா கூட்டுறவு, தே அவமுத்து ஆலையை 2020இல் நிலக்கரியிலிருந்து அழுத்திய மரத்தூள் எரிபொருளுக்கு மாற்றியது. அதன்பின் ஸ்டெர்லிங் பாலாடைக்கட்டி ஆலையும் மர எரிபொருளுக்கு மாறியது. நிலத்தடியில் வெப்பம் உள்ள ஊருக்கு ஒரு வழி, காடு அருகிலுள்ள ஊருக்கு வேறு வழி.

இத்தகைய மாற்றங்களின் செலவைப் பகிர்ந்துகொள்ள நியூசிலாந்து அரசு 2020இல் ஒரு நிதியைத் தொடங்கியது. 2023இல் பொன்டெராவுக்கு மட்டும் 90 மில்லியன் நியூசிலாந்து டொலர் வரை ஒதுக்க உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு இறுதியில் பதவியேற்ற புதிய அரசு அந்நிதித் திட்டத்தையே நிறுத்திவிட்டது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு மக்கள் பணம் எதற்கு என்ற கேள்வியை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். கரிம உமிழ்வுக்குக் கட்டணம் வைத்துள்ள நாட்டில் நிலக்கரியை விடுவது பெரிய நிறுவனங்களுக்கே ஆதாயம். ஆனால் கடன் வாங்கவும் பொறியாளர்களை அமர்த்தவும் வலுவில்லாத சிறிய ஆலைகள் அந்தக் கணக்கைத் தனியே சமாளிக்க முடியாது. நிதியை நிறுத்தியதைவிட, அதை அவர்கள் பக்கம் திருப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பால் தொழிலின் உமிழ்வில் மிகப் பெரும்பங்கு பண்ணையில், மாடுகளின் இரைப்பையில் உருவாகும் மீதேனிலிருந்து வருகிறது என்பதும் உண்மையே. இருப்பினும் மீதேனைக் குறைக்கும் வழிகள் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கையில், கொதிகலனை மாற்றும் நுட்பம் இன்றே கையில் இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கு மாடுகள் புல்வெளியில் மேய்வதால் பால் வசந்தத்தில் பெருகி, ஜூன், ஜூலை மாதக் குளிர்காலத்தில் மிகவும் வற்றிவிடுகிறது. ஆலைகள் பல அப்போது மூடிக்கிடக்கின்றன. நீர்மின்சாரத்தை நம்பியுள்ள அந்நாட்டில் மின்தட்டுப்பாட்டு அச்சம் எழுவதும் பெரும்பாலும் அதே குளிர்காலத்தில்தான். ஆகவே, மின்கொதிகலன்கள் நாட்டின் நெருக்கடியைக் கூட்டுவதற்கான வாய்ப்பு குறைவு. மறுபுறம், ஆண்டின் ஒரு பகுதியில் சும்மா கிடக்கும் இயந்திரம் போட்ட முதலீட்டைத் திருப்பித் தர அதிக காலம் எடுக்கும். நாட்டுப்புறத்தில் இருக்கும் ஆலைக்குக் கூடுதல் மின்கம்பிவழியும் துணைமின்நிலையமும் அமைக்கும் செலவும் அதன்மேல் சேர்கிறது. ஓர் ஆலைக்காகப் போடும் அந்தக் கம்பிவழி பிற்காலத்தில் சுற்றுவட்டாரம் முழுமைக்கும் பயன்படும் என்பதால், பொதுப் பணம் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே என்பது என் கருத்து.