வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பவர்கள்

கலிபோர்னியாவில் நவம்பர் தேர்தலுக்காக வீடு தேடித் தபாலில் வரும் வாக்குச்சீட்டு பல பக்கம் நீளும். அதிபர், செனட்டர் என்று தொடங்கும் முதல் பக்கத்தில் யாருக்கும் குழப்பமில்லை. அதைத் திருப்பினால் பள்ளி வாரியம், குடிநீர் மாவட்டம் (தண்ணீர் வழங்கலைக் கவனிக்கும் உள்ளூர் அமைப்பு), நகர மன்றம், கவுன்டி நீதிமன்ற நீதிபதி. பெயர் இருக்கும், அதன் கீழே மூன்று சொல்லுக்கு மிகாமல் தொழில் இருக்கும். கட்சி இருக்காது, உள்ளூர்ப் பதவிகள் எல்லாம் மாநிலச் சட்டப்படியே கட்சி சார்பற்றவை. இந்த வேட்பாளர்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை எழுதுவது அரிது. பல ஊர்களில் உள்ளூர்ப் பத்திரிகையே இல்லை. விளம்பர அட்டையில் அனைவரும் நல்ல பள்ளிகளுக்கும் பாதுகாப்பான தெருக்களுக்கும் பாடுபடுகிறார்கள்.

இத்தகைய வேட்பாளர் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியோடு கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள்கள் சில உண்டு. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம்: பிரசாரப் பணக் கணக்கான படிவம் 460, சொந்தப் பொருளாதார நலன்களைச் சொல்லும் படிவம் 700. 1974ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தச் சட்டம் இரண்டையும் பொதுச் சொத்தாக்கியிருக்கிறது. இவற்றை வாசிக்கப் பழகியவர் எவரும் தம் ஊருக்கு ஒரு நல்ல வாக்காளர் கையேட்டைத் தயாரித்துவிடலாம்.

எங்கே தேடுவது என்பதில்தான் முதல் சறுக்கல். பிரசாரப் பணத் தகவலுக்கான மாநிலச் செயலரின் கால்-ஆக்சஸ் தளத்தில் வேட்பாளர் பெயரை இட்டால் அவரது பிரசாரக் குழுவின் அடையாள எண் கிடைக்கும், கணக்கு கிடைக்காது. அதைப் பார்த்து "இவர் எதுவும் தாக்கல் செய்யவில்லை" என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. நகர மன்ற வேட்பாளரின் கணக்கு நகரச் செயலர் அலுவலகத்தில் இருக்கும். பள்ளி வாரியம், தண்ணீர் மாவட்டம் போன்றவற்றின் கணக்குகள் கவுன்டி தேர்தல் அலுவலகத்தில் இருக்கும். 2021 முதல் இவை தாக்கல் கெடு முடிந்த 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்கள் நெட்ஃபைல் போன்ற தாக்கல் மென்பொருளை வைத்திருப்பதால் எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். சிறு ஊர்களில் கையால் எழுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான், தட்டச்சு செய்துகொள்ள வேண்டும். இணையப் பிரதியில் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் மறைத்திருப்பார்கள். மூலத்தைப் பார்க்க நேரில் போகலாம்: யார் நீங்கள், எதற்கு என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை, நகலுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட்டுக்கு மேல் வாங்கவும் கூடாது.

பல வேட்பாளர்களுக்கு 460 இருக்கவே இருக்காது. ஓர் ஆண்டில் 2,000 டாலருக்கும் குறைவாகவே வரவும் செலவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் படிவம் 470 என்ற சிறு தாளைக் கொடுத்தால் போதும், நன்கொடையாளர் பெயரே அதில் வராது. வேட்புமனுக் கட்டணத்துக்கும் அரசின் வாக்காளர் கையேட்டில் தம் அறிக்கையை அச்சிடுவதற்கும் சொந்தப் பணத்தைச் செலவழித்திருந்தால் அது இந்த 2,000இல் சேராது. ஆகவே 470 என்பது ஒளிவுமறைவுக்கு அடையாளம் இல்லை. ஆனால் அவர் பெயரில் ஊர் முழுக்கப் பலகைகளும், வீட்டுக்கு மூன்று வண்ண அட்டைகளும் வந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. யாரோ செலவழித்திருக்கிறார்கள், அந்த யாரோ வேறொரு படிவத்தில் இருப்பார்.

காலக்கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது. 2024 நவம்பர் 5 தேர்தலை எடுத்துக்கொள்வோம். தேர்தலுக்கு முந்தைய முதல் அறிக்கையின் கெடு செப்டம்பர் 26, அது செப்டம்பர் 21 வரையிலான பணத்தைச் சொல்லும். இரண்டாவது அக்டோபர் 24, அக்டோபர் 19 வரை. வாக்குச்சீட்டுகளோ அக்டோபர் 7ஆம் தேதிக்குள்ளேயே தபாலில் புறப்பட்டுவிட்டன. சீட்டு வந்த வாரமே நிரப்பி அனுப்பியவர் பார்த்திருக்கக்கூடிய கடைசி முழுக் கணக்கு செப்டம்பர் அறிக்கைதான். இடைவெளியை நிரப்புவது படிவம் 497: தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் ஒரே இடத்திலிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் அன்றாடம் பார்க்க வேண்டிய தாள் இதுதான். அதே பணம் பின்னால் 460இலும் வரும் என்பதை மறந்து இரண்டையும் கூட்டி, வேட்பாளரின் வருமானத்தை இரட்டிப்பாக்கிவிடுவது இந்த வேலையின் மிகப் பழைய பிழை. திருத்திய அறிக்கையையும் பழைய அறிக்கையையும் சேர்த்துக் கூட்டுவது அடுத்தது.

460ஐ முன்பக்கத்திலிருந்து வாசிக்காமல் சுருக்கப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. பத்தி ஏ இந்தக் காலத்துக்கானது, பத்தி பி ஜனவரி 1 முதல் உள்ள மொத்தம். வரி 12 தொடக்கக் கையிருப்பு. அது முந்தைய அறிக்கையின் வரி 16ஓடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஓர் அறிக்கை உங்களுக்குக் கிடைக்காமல் இருக்கிறது, அல்லது பொருளாளர் தடுமாறியிருக்கிறார். சிறு தேர்தல்களில் பொருளாளர் பெரும்பாலும் வேட்பாளரின் நண்பரோ துணைவரோதான். பிழையைக் கண்டதும் மோசடி என்று எழுத ஓடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பாதிக்கு மேல் திருத்தத்தோடு தீர்ந்துபோகும். வரி 19 கடன் நிலுவை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

பிறகு அட்டவணை ஏ. 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவரின் பெயர், ஊர், தொழில், வேலை கொடுப்பவர் ஆகியவை இங்கே வரும். 100க்குக் குறைந்தவை ஒரே மொத்தத் தொகையாக அடியில் நிற்கும். ஒவ்வொரு வரியிலும் இந்த முறை கொடுத்தது, ஆண்டு மொத்தம் என்று இரண்டு தொகைகள் உண்டு. கூட்ட வேண்டியது முதலாவதை மட்டும். எக்செல்லில் பெயர், தேதி, தொகை, ஊர், தொழில், முதலாளி, வகைக் குறியீடு என்று ஏழு பத்திகள் போதும். தனிநபர், குழு, கட்சி, மற்றவை என்று படிவமே குறியிட்டிருக்கும். "மற்றவை" என்பதில்தான் நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கும். பிவட் டேபிள் (பெயர் வாரியாகத் தானே கூட்டித் தரும் எக்செல் வசதி) போடுமுன் பெயர்களைச் சுத்தம் செய்ய வேண்டும், இதில்தான் பொறுமை தேவை. நம்மவர் பெயர்கள் இங்கே தனிச் சிக்கல். கார்த்திகேயன் சுப்ரமணியன் என்பவர் ஒரு காசோலையில் எஸ். கார்த்திகேயன், இன்னொன்றில் கார்த்திக் சுப்ரமணியன், மூன்றாவதில் குடும்பப்பெயர் இடத்தில் கார்த்திகேயன் என்று மாறியிருப்பார். இயந்திரம் மூவராக எண்ணும். மனைவி பெயரின் பின்னால் கணவர் பெயர் வரும் வீடுகளில் இருவரை ஒருவராக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. ஊர், ஜிப் கோடு, முதலாளி மூன்றும் ஒத்துப்போனால் ஒழிய இரண்டு வரிகளை ஒன்றாக்காதீர்கள். கூப்பர்ட்டினோ, ஃப்ரீமான்ட், சான் ரமோன் போன்ற ஊர்களில் தென்னிந்தியப் பெயர்கள் அடுக்காக வரும்போது வெளியார் அதை ஏதோ ஒருங்கிணைந்த பணம் என்று எழுதிவிடுவார்கள். பல நேரம் அது ஒரே பள்ளியின் பெற்றோரும் அக்கம்பக்கத்தாருமாக இருக்கும். பெயரின் ஒலியை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், அதாவது எச்-1பி விசாவில் இருப்பவர், பள்ளி வாரிய வேட்பாளருக்கு 25 டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கூட்டாட்சிச் சட்டம் உள்ளூர்த் தேர்தலுக்கும் பொருந்தும். நண்பர் வீட்டு நிதிக்கூட்டத்தில் தெரியாமல் காசோலை எழுதிவிடும் நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. வேட்பாளர்களும் கேட்பதில்லை.

சுத்தமான பட்டியல் கையில் வந்ததும் பெரிய தொகையைத் தேடிப் போவது இயல்பு. அதைவிடப் பயன் தருவது தேதி வரிசை. முதல் இரண்டு வாரத்தில் கொடுத்தவர்கள்தான் அவரை நிற்கச் சொன்னவர்கள்: குடும்பம், கூட்டாளிகள், ஒரு தொழிற்சங்கம், ஒரு கட்டடக்காரர். வெற்றி வாய்ப்பு தெரிந்தபின் வருகிறவர்கள் வேறு ரகம். அடுத்து, தொழில் வாரியாகக் கூட்டுங்கள். நீதிபதி வேட்பாளருக்கு வழக்கறிஞர்கள் கொடுப்பது செய்தி அல்ல. வேறு யார் கொடுப்பார்கள்? ஒரே சட்ட நிறுவனத்திலிருந்து ஒரே நாளில் பத்துப் பேர் கொடுத்திருந்தால் அது விசாரிக்கத் தக்கது. ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள், குறைந்த சம்பள வேலைக்காரர்கள் உட்பட, ஒரே நாளில் உச்சவரம்புத் தொகையைக் கொடுத்திருப்பது இன்னும் கவலைக்குரியது. பிறர் பெயரில் நன்கொடை கொடுப்பது சட்டவிரோதம், அதன் சாயல் இப்படித்தான் இருக்கும். சாயல் சான்று ஆகாது. தொழில் என்ற இடத்தில் "தகவல் கேட்கப்பட்டுள்ளது" என்று இருந்தால் 60 நாளில் விவரம் வர வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்ப வேண்டும். அடுத்த அறிக்கையில் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

தொகையின் எடை தேர்தலின் அளவைப் பொறுத்தது. 2021 முதல், தனக்கென்று வரம்பு வைத்துக்கொள்ளாத நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் மாநிலத்தின் வரம்பு பொருந்துகிறது: 2023-24இல் 5,500 டாலர், 2025-26இல் 5,900. பள்ளி வாரியமும் தண்ணீர் மாவட்டம் போன்ற சிறப்பு மாவட்டங்களும் அதில் அடங்கவில்லை. பதினைந்தாயிரம் டாலரில் நடக்கும் பள்ளி வாரியப் பிரசாரத்தில் ஒரே ஆள் 5,000 கொடுத்தால் அவர் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர். லட்சக்கணக்கில் செலவாகும் மேயர் தேர்தலில் அதே 5,000 ஒரு வரி மட்டுமே. ஆகவே தொகையைத் தனியாக எழுதாமல் விழுக்காட்டோடு எழுதுங்கள்.

நிறுவனப் பெயரில் வந்த பணத்துக்கு இன்னொரு படி உண்டு. தெரு முகவரியைப் பெயராகக் கொண்ட எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) கொடுத்திருந்தால் மாநிலச் செயலரின் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் தேடுங்கள், இலவசம். அதன் தகவல் அறிக்கையில் மேலாளர் பெயரும் அஞ்சல் முகவரியும் இருக்கும். நான்கு எல்எல்சிகளுக்கு ஒரே மேலாளர் என்று தெரிந்தால் அந்த நான்கும் வரம்புக்கணக்கில் ஒன்றாகச் சேர வேண்டியவையா என்ற கேள்வி எழும். சட்டத்துக்காகப் பதிவுசெய்த முகவராக மட்டும் இருப்பவரை உரிமையாளர் என்று எழுதிவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு முகவராக இருப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு.

செலவுப் பக்கமான அட்டவணை ஈ-யைப் பலர் புரட்டுவதே இல்லை. பெரிய இழப்பு. எந்த ஆலோசகர், எந்த அச்சகம் என்பதைப் பார்த்தால், தனித்தனியாக நிற்பதாகச் சொல்லும் மூவர் ஒரே அணி என்பது புலப்படும். வீட்டுக்கு வரும் "எங்கள் பரிந்துரைகள்" என்ற ஸ்லேட் அட்டைகளில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வேட்பாளர் இடம்பெறப் பணம் கொடுத்திருக்கிறார் என்று பொருள். எவ்வளவு கொடுத்தார் என்பது அட்டவணை ஈ-யில் இருக்கும். ஆசிரியர்கள், காவலர்கள் என்ற பெயரைத் தாங்கிய அட்டை உண்மையில் விற்பனைக்கு இருந்த இடம் என்பதை வாசகருக்குக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

வேட்பாளரின் கைக்கே வராத பணமும் உண்டு. வேட்பாளரோடு தொடர்பின்றி இயங்கும் தனிக்குழுக்கள் அவருக்காகவோ அவரை எதிர்த்தோ செலவழிப்பதற்கு வரம்பே இல்லை. கடைசி 90 நாளில் 1,000 டாலரைத் தொட்டால் படிவம் 496 வர வேண்டும். அந்தக் குழுவின் பெயர் எப்போதும் இனிமையாக இருக்கும். அட்டையின் அடியில், 50,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த முதல் மூவரின் பெயர் இருந்தாக வேண்டும். இந்தப் பணத்தை வேட்பாளரின் நன்கொடை என்று எழுதுவது தவறு, அநியாயமும்கூட. அது வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கலாம், தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் வேலை இன்னும் ஆழமாகப் போகும். நன்கொடைப் பட்டியலை ஒரு பக்கமும், மன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். விவாதமின்றி மொத்தமாக நிறைவேறும் ஒப்புதல் பட்டியலில்தான் ஒப்பந்தங்கள் கிடக்கும்: கட்டட வடிவமைப்பாளர், குப்பை அள்ளும் நிறுவனம், கடன்பத்திர ஆலோசகர். லெவின் சட்டம் 2023 ஜனவரி முதல் நகர மன்றம், பள்ளி வாரியம் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் அமைப்புகளுக்கும் விரிந்தது. உரிமமோ ஒப்பந்தமோ கேட்டு நிற்பவரிடமிருந்து முந்தைய 12 மாதத்தில் 250 டாலருக்கு மேல் வாங்கியவர் அந்த முடிவிலிருந்து விலக வேண்டும் என்பது அதன் சாரம், சில விதிவிலக்குகளோடு. 2025 முதல் அந்தத் தொகை 500. ஆகவே தேதிகளை நாள் துல்லியமாகக் குறியுங்கள். படிவம் 700ஐ இதே இடத்தில் பக்கத்தில் வையுங்கள், அவரது வியாபாரத்தின் வாடிக்கையாளரே நன்கொடையாளராகவும் இருக்கிறாரா என்று தெரியும்.

எழுதும்போது 100, 200 கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெயரை வெளியிடத் தேவையில்லை. பதிவு பொதுவானதுதான், ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்க இந்த வேலை இல்லை. நிறுவனங்கள், குழுக்கள், வரம்பை ஒட்டிக் கொடுத்தவர்கள், நகரத்தோடு வியாபாரம் உள்ளவர்கள் ஆகியோரைப் பெயர் சொல்லலாம். மற்றவர்களை எண்ணிக்கையாகச் சொன்னால் போதும். ஒருவரை விவரித்த அதே கேள்விகளால் எதிர்வேட்பாளரையும் விவரிக்க வேண்டும். வெளியிடுமுன் வேட்பாளருக்கு மூன்று நாள் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும்.

தேர்தல் முடிந்ததும் கோப்பை மூடிவிடுகிறவர்கள் ஜனவரி 31 அறிக்கையைத் தவறவிடுகிறார்கள். அக்டோபர் 19க்குப் பிந்தைய பணம் எல்லாம் அதில்தான் முழுமையாக வரும். வரி 19இல் குறித்து வைத்த கடனை எடுங்கள். வேட்பாளர் தம் பிரசாரத்துக்குத் தாமே கடன் கொடுத்திருந்தால், வென்றபின் வரும் நன்கொடை அந்தக் கடனை அடைக்கப் போகும். அதாவது கொடுப்பவரின் காசோலை, பதவியேற்கும் உறுப்பினரின் சொந்தக் கணக்கில் போய் முடியும். கடன்களுக்கான அட்டவணை பி-யில் திருப்பிக் கொடுத்த தொகையையும் அட்டவணை ஏ-யில் நவம்பர் 5க்குப் பிந்தைய வரிகளையும் அடுத்தடுத்து வைத்தால், தோற்றவருக்கு அக்டோபரில் கொடுத்துவிட்டு வென்றவருக்கு டிசம்பரில் கொடுத்தவர்களின் பெயர்களும் அங்கேயே இருக்கும்.