புள்ளி தெரிகிற திரை

எங்கள் வீட்டில் லேப்டாப் ஒன்றுதான் இருந்தது. அதில் வேலை இருக்கிறவர்கள் நான்கு பேர். நான் பன்னிரண்டு வருடமாகச் சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிற வேலை. வீட்டுக்காரருக்குத் தஞ்சாவூர் கரந்தையில் ஹார்டுவேர் கடை, கணக்கு வேலை ராத்திரி வீட்டில் வைத்துத்தான். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல். அத்தைக்குச் சாயங்காலம் மஸ்கட்டில் இருக்கிற என் நாத்தனாரோடு வீடியோ காலில் பேச வேண்டும். போன் திரை அவர் கண்ணுக்குப் போதவில்லை.

பழைய லேப்டாப் 2017-இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது என்று மகன்தான் முதலில் சொன்னான். எங்களுடையதில் இருப்பது இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் செயலி (ப்ராசசர்). விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள வழி இருந்தது, அப்படியே ஓட்டியிருக்கலாம். ஆனால் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் வேறு.

2019-இல் ஒரு சிறிய புத்தகம் என்னிடம் வந்தது. குழந்தைகளின் பல் பாதுகாப்பு பற்றிப் பெற்றோருக்காக எழுதியது. மூன்று முறை படித்துத்தான் கொடுத்தேன். அச்சாகி வந்த பிறகு ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: ‘குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் பல மருத்துவரிடம் காட்டுங்கள்.’ பல் மருத்துவர், பல மருத்துவர் ஆகிவிட்டார். ‘பல’ என்பதும் சரியான சொல் என்பதால் எந்தச் சொற்பிழை திருத்தியும் அதைப் பிடிக்காது. வாக்கியமும் இலக்கணப்படி தப்பில்லை. பிடிக்க வேண்டியது என் கண்தான். 500 பிரதிகள். பிழைதிருத்தச் சீட்டு அடித்து, நானும் மகனும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். அச்சுக்கூலியை என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தேன். பிடிஎஃப் கோப்பிலும் அதே பிழைதான், ல-வின் மேல் புள்ளி கிடையாது. மேலும் கீழும் ஓடுகிற வரிகளில் புள்ளி வைத்த எழுத்துகளைப் பார்த்தேன். அவற்றின் புள்ளிகளும் லேசான சாம்பல் கறையாகத்தான் தெரிந்தன. இருக்கிற புள்ளிக்கும் இல்லாத புள்ளிக்கும் வித்தியாசம் காட்டாத திரையில் வருடக்கணக்காக மெய்ப்புப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

கணக்கு எளிது. திரையில் படத்தைக் காட்டுகிற மிகச் சிறிய கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். 15.6 அங்குலத் திரையில் 1366 x 768 என்றால் ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான். அதே அளவுத் திரையில் 1920 x 1080 என்றால் 141. ஆங்கில எழுத்துக்கு முதலாவதே போதும் போலத் தெரியும். தமிழில் ஒரு புள்ளி போய்விட்டால் சொல்லே மாறிவிடுகிறது. ர-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் அடியில் ஒரு சின்னச் சாய்கோடுதான். அதனால் தமிழ் படிக்கிற வீட்டில் லேப்டாப் வாங்கினால் முதலில் திரையைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யார், எப்போது, எதற்கு லேப்டாப்பை எடுத்தோம் என்று குறித்து வைத்தோம். இந்த யோசனை வீட்டுக்காரருடையது. கடைக்குச் சரக்கு எடுக்கும் முன் அவர் செய்கிற வேலைதான் இது. மாதத்தில் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய இரண்டு ராத்திரிகள் அவருக்கு, ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்கிற ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய. பகல் முழுக்க எனக்கு. மகனுக்குப் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். பாடத்தில் இருக்கிற நிரல்களை எந்த லேப்டாப்பும் ஓட்டிவிடும். அத்தைக்குச் சாயங்காலம் அரை மணி நேரம். தாளைப் பார்த்ததும் சில விஷயங்கள் தானாகத் தெளிந்தன. யாரும் அதை வெளியே தூக்கிப் போவதில்லை, அதனால் எடை பெரிய விஷயமில்லை. தனி கிராபிக்ஸ் அட்டை எங்களில் ஒருவருக்கும் வேண்டாம். வீட்டுக்காரருக்கு வலது பக்கம் எண்கள் தனியாக இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத 14 அங்குல லேப்டாப்பில் அவர் ஒரு பில் அடிக்கிற நேரத்தில் பழையதில் நான்கு அடித்துவிடுவார். லேப்டாப் திணறுகிற நேரம் எது என்று பார்த்தால், என் பிடிஎஃப் நான்கும் உலாவியில் இருபது பக்கங்களும் ஒன்றாகத் திறந்திருக்கும்போதுதான். அது ரேம் சமாச்சாரம், திறந்திருக்கிற வேலைகளை லேப்டாப் வைத்துக்கொள்கிற தற்காலிக நினைவகம்.

முதலில் தஞ்சாவூரிலேயே ஒரு கடைக்குப் போனோம். மேசையில் ஏழெட்டு லேப்டாப்புகள். கடைப் பையன் நல்ல பொறுமைசாலி. “மேடம், இதுவும் ரைசன் 5, அதுவும் ரைசன் 5. இது ஏழாயிரம் கம்மி, இதையே எடுத்துக்கோங்க” என்றான். ரைசன் 5 என்பது ஏஎம்டி நிறுவனச் செயலியின் பெயர். அட்டையில் ஒன்றில் 7520யு, மற்றதில் 7530யு என்று இருந்தது. பத்து எண்தானே வித்தியாசம் என்று நானும் நினைத்தேன். மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். 7 என்று தொடங்குகிற அந்த நான்கிலக்க வரிசையில் முதல் எண் வெளிவந்த வருடத்தைக் காட்டுவது. உள்ளே இருக்கிற வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது எண்ணில் இருக்கிறது. 7520யு-வில் இருப்பது ஜென் 2, நான்கு கோர்கள் (வேலையைப் பங்கிட்டுச் செய்கிற பகுதிகள்). 7530யு ஜென் 3, ஆறு கோர்கள். அதைவிட முக்கியமானது, 7520யு எல்பிடிடிஆர்5 ரேமோடுதான் வரும். அது போர்டில் பற்றவைத்து வருவது, பிறகு கூட்ட முடியாது. அந்தப் பையனோ “எட்டு ஜிபி இருக்கு, வேணும்னா பின்னாடி கூட்டிக்கலாம்” என்று சொல்லியிருந்தான். ஏமாற்ற நினைத்துச் சொன்னானென்று நான் நினைக்கவில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் நம்பி வாங்கியிருந்தால் இரண்டு வருடத்தில் மறுபடி திணறியிருக்கும். கடையிலேயே போனில் தயாரிப்பாளர் தளத்தைத் திறந்து, அந்த மாடலின் விவரத்தில் மெமரி ஸ்லாட் (ரேம் செருகுகிற இடம்) என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

திரையைச் சோதிக்கத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். கைப்பையில் ஒரு பென்டிரைவ், அதில் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த மெய்ப்பிலிருந்து இரண்டு பக்கம், பத்துப் பாயின்ட் அளவு எழுத்து, அடிக்குறிப்பு எட்டுப் பாயின்டில். தஞ்சாவூர்க் கடையில் பென்டிரைவ் போட விடவில்லை. அடுத்த ஞாயிறு திருச்சிக்குப் போனோம். அங்கே தில்லைநகர் பக்கம் ஒரு கடையில் விஷயத்தைச் சொன்னதும் மேலாளரே வந்து, “போட்டுப் பாருங்கம்மா” என்றார். ஒவ்வொரு லேப்டாப்பிலும் அதே இரண்டு பக்கத்தை அதே அளவில் திறந்து பார்த்தேன். எழுத்து எல்லாவற்றிலும் ஓரளவு கூர்மைதான், அங்கே நான் பார்த்த எதுவும் 1920 x 1080-க்குக் குறையவில்லை. வித்தியாசம் வெளிச்சத்தில் இருந்தது. கடைக்குள் இருக்கிற விளக்கில் எல்லாத் திரையும் பளிச்சென்று தெரியும். எங்கள் வீடு முற்றம் வைத்த பழைய வீடு. மத்தியானம் வெயில் நேராக உள்ளே இறங்கும். அதனால் லேப்டாப்பை வாசல் கண்ணாடிக் கதவுப் பக்கம் எடுத்துப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்கிறார்கள். 220 நிட்ஸ் என்று போட்டிருந்த ஒன்றில் அடிக்குறிப்பு மறைந்தே போனது. 300 நிட்ஸ் போட்டிருந்ததில் நிம்மதியாகப் படிக்க முடிந்தது. இன்னொன்றைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறியது. ஐபிஎஸ் வகைத் திரையில் அந்தத் தொல்லை இல்லை. பளபளப்பான திரைகளில் என் முகமும் கதவும் தெருவும் தெரிந்தன, அவற்றைத் தொடவே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

அப்போது கிடைத்ததுதான் 16 அங்குலம், 1920 x 1200. ஓர் அங்குலத்துக்குப் பிக்சல் அதே 141 தான். ஆனால் உயரம் கூடுதல் என்பதால் ஒரு பார்வையில் இன்னும் நாலைந்து வரி தெரிகிறது. மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாக்கியம் பாதியில் இருக்கும்போது உருட்டினால் கண் வரி தவறும், அங்கேதான் பிழை தப்பும்.

அடுத்தது விசைகள். நான் தமிழ்99-இல் தட்டச்சு செய்கிறவள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ‘க’வை இரண்டு முறை அடித்தால் ‘க்க’ என்று புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். இப்போது விண்டோஸிலேயே அது இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கடை லேப்டாப்பில் தமிழ் இல்லாவிட்டாலும் நோட்பேடைத் திறந்து என் வழக்கமான வேகத்தில் ஒரு பத்தி அடித்துப் பார்த்தேன். திரையில் ஏதோ ஆங்கில எழுத்துகள் கொட்டின, விரலுக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. ஒன்றில் விசைகள் நடுவில் அமுங்கி ஆடின. இன்னொன்றில் ஹோம், எண்ட் விசைகள் தனியாக இல்லாமல் வேறு விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியிருந்தது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை வரியின் கடைசிக்குப் போகிற எனக்கு அது ஒத்துவராது.

கடைசியில் எடுத்தது 7530யு, 16 ஜிபி ரேம் (எட்டு போர்டில், எட்டு ஸ்லாட்டில்), கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, அந்த 16 அங்குலத் திரை, வலது பக்கம் எண் விசைகள். 56,500 ரூபாய் ஆனது. எட்டு ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டலாம் என்றுதான் முதலில் திட்டம். ஆனால் ஏஐ சர்வர்களுக்கு மெமரி போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. பிறகு என்பது எப்போது, என்ன விலை என்று தெரியாததால் ஒரேயடியாக வாங்கிவிட்டோம். மாடல் பெயர் கேட்டுச் சொந்தக்காரர்கள் போன் செய்கிறார்கள். அதே பெயரில் வேறு செயலி, வேறு திரை வைத்தும் விற்கிறார்கள், அதனால் பெயரை நான் சொல்வதில்லை. மேலே சொன்ன விவரத்தைத்தான் சொல்கிறேன்.

பணம் கட்டும் முன் மகன் பெட்டியில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பார்த்தான். காட்சிக்கு வைத்திருந்ததோ பழைய சரக்கோ என்றால் வாரண்டி ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருக்கலாம். எங்களுடையது சரியாக இருந்தது. பழுது வந்தால் வீட்டுக்கு வருவார்களா, நாம் தூக்கிப் போக வேண்டுமா என்றும் கேட்டுக்கொண்டோம். வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கச் சொன்னார்கள். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே எங்களுக்குப் போதும் என்று விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்து திறந்ததும் 512-க்குப் பதிலாக 476 ஜிபி காட்டியது. வீட்டுக்காரர் உடனே கடைக்குப் போன் போடக் கிளம்பினார். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான் என்று மகன் பேப்பரில் போட்டுக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி 42 வாட் மணி, எனக்கு ஐந்து மணி நேரம் வருகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் மத்தியானம் இரண்டுக்கு மூடி வைத்துவிட வேண்டியதுதான். ஒலியும் சுமார். நிறம் பார்த்து வேலை செய்கிற ஓவியர்களுக்கு, போட்டோக்காரர்களுக்கு இந்தத் திரை ஆகாது. கறுப்பு வெள்ளை எழுத்தோடு வாழ்கிற எனக்குப் போதும். முதல் நாள் அந்தப் பல் பாதுகாப்புப் புத்தகத்தின் பழைய கோப்பைத்தான் திறந்தேன். பெரிதாக்காமலே, புள்ளி வைத்த ல்-லும் வைக்காத ல-வும் தனித்தனியாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, மகன் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினான். வீடியோ காலுக்கு அது தாராளம். அதை அத்தைக்கே கொடுத்துவிட்டோம். மெத்தைமேல் வைத்துப் பேசினால் அடியில் காற்றுத் துளை அடைத்துச் சூடேறுகிறது என்று பரண் மேல் கிடந்த மணையை இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். இங்கே ஐந்து மணி என்றால் மஸ்கட்டில் மூன்றரை, பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான். நாலே முக்காலுக்கே மணைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, தலை வாரிக்கொண்டு, அத்தை உட்கார்ந்துவிடுகிறார்.