பெரியப்பாவின் அறை

மார்ச் 4
பெரியப்பா தனியாக இருந்தார். அவர் இறந்து ஐந்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. காவல்துறை தன் வேலையை முடித்து இன்று மதியம் சாவியைக் கொடுத்தது. “இனி வீடு உங்க பொறுப்பு” என்றார் அதிகாரி. அறையைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கதவைத் திறந்து மூன்று எட்டுகூட வைக்கவில்லை, திரும்பிவிட்டேன். அக்கா வாளியும் துணியுமாக வாசலில் நிற்கிறாள். “எங்க அப்பாதானே தம்பி, நானே கழுவறேன்.” அவள் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 5
இரவு முழுக்கப் படித்தேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்குமாம். பெரியப்பாவுக்கு என்ன நோய் இருந்தது, இல்லை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இப்படிப்பட்ட அறைகளைச் சுத்தம் செய்யும் தொழிலில் எல்லா ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார்: பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மேலே பாத்ரூம் ஆசிட் ஊற்று என்று. தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

மார்ச் 6
அந்தத் தொழில் செய்யும் மூன்று நிறுவனங்களிடம் பேசினேன். ஒருவர் வீட்டைப் பார்க்காமலே தொகை சொன்னார். இன்னொருவர், “வாசனை மருந்து அடிச்சுட்டா ஒண்ணுமே தெரியாது சார்” என்றார். வாடை தெரியாமல் போவதா எங்களுக்கு வேண்டும்?

மூன்றாமவர் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. எத்தனை நாள், தரை என்ன, ஏசி ஓடியதா, கீழே வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் கேட்டேன். உங்கள் ஆட்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவர்களா? கழிவு எங்கே போகிறது, அதற்கு ரசீது தருவீர்களா? முடிந்தபின் சுத்தம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? எதற்கும் அவர் தயங்கவில்லை. காப்பீடு இருந்தால் எதையும் தூக்கிப் போடுமுன் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

மார்ச் 7
நேரில் வந்து பார்த்து, அறை அறையாக எழுதிக் கொடுத்தார். இவரையே அமர்த்தினோம்.

மார்ச் 8
காலையில் மூன்று பேர். முழு உடல் கவசம், இரண்டு அடுக்குக் கையுறை, முகம் மூடும் சுவாசக் கருவி. அறை வாசலில் பிளாஸ்டிக் திரை கட்டினார்கள். அதற்கு வெளியே கவசம் கழற்ற ஓர் இடம், அதையும் தாண்டினால்தான் சுத்தமான பகுதி. உள்ளே ஒரு இயந்திரம் காற்றை இழுத்து, நுண்ணிய தூசியையும் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியாக வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தது. அறைக் காற்று கூடத்துக்கு வரக்கூடாது என்பதற்காக.

மெத்தையும் தலையணையும் சிவப்புப் பைகளில் போயின. உறிஞ்சிக்கொள்ளும் பொருள் எதையும் காப்பாற்ற முடியாது என்று நேற்றே சொல்லியிருந்தார். அக்காவால் பார்க்க முடியவில்லை, மாடிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் டைல்ஸ். மேலே கையகலக் கறைதான் தெரிந்தது. இரண்டு டைலைப் பெயர்த்ததும் அவர் என்னைத் திரை ஓரத்துக்குக் கூப்பிட்டுக் காட்டினார். இடுக்கு வழியாக இறங்கி, அடியில் இருந்த சிமெண்ட் ஒரு முறம் அளவுக்குக் கறுத்துக் கிடந்தது. நாங்களே கழுவியிருந்தால் மேலே பளிச்சென்று துடைத்துவிட்டு, இதன் மேல்தான் நடந்துகொண்டிருப்போம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மார்ச் 9
கறுத்த சிமெண்டைச் சுரண்டி எடுத்தார்கள். முதலில் அழுக்கு முழுவதும் போக வேண்டும், அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கு இருந்தால் மருந்தின் வீரியத்தை அதுவே தின்றுவிடுமாம். மருந்து பூசியபின் பத்து நிமிடம் தரை ஈரமாகவே நிற்க வேண்டும். செல்போனில் அலாரம் வைத்துவிட்டு, காயும் இடத்தில் மறுபடி பூசிக்கொண்டு நின்றார். அந்தப் பொறுமையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரவு, வாடை போக ஓசோன் வாயு விடும் இயந்திரம் ஓடியது. அது ஓடும்போது ஆள், பிராணி, செடி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது.

மார்ச் 11
நேற்று முழுக்க வீட்டைத் திறந்து காற்றாட விட்டார்கள். இன்று பரிசோதனை. பஞ்சுக் குச்சியால் தரையிலும் கதவுக் கைப்பிடியிலும் தேய்த்து, கையடக்கக் கருவியில் செருகினால் சில நொடிகளில் எண் வருகிறது. உயிரணுக்களில் இருக்கும் ஏடிபி என்ற பொருள் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். எந்தக் கிருமி என்று சொல்லாது, சுத்தம் சரியாக நடந்ததா என்று சொல்லும். எல்லா இடத்திலும் எண் அவர்கள் வரம்புக்குக் கீழே. கழிவு ரசீதையும் சேர்த்துக் கையில் கொடுத்தார்.

கடைசியாக ஒரு சிறு டப்பா. உள்ளே பெரியப்பாவின் கைக்கடிகாரம். “கண்ணாடியும் உலோகமும் சுத்தம் பண்ண முடியும்மா, தோல் வார் முடியாது, எடுத்துட்டோம்” என்று அக்காவிடம் சொன்னார். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அந்த அறைக்குள் முதல் முறையாகப் போய் நின்றாள்.

நாளைக்கு வார் போடக் கொடுக்க வேண்டும்.