அக்காவின் கீழுதடு

மார்ச் 3

அக்கா உட்கார ஒப்புக்கொண்டாள். எப்படியும் பதினான்காம் தேதி வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதை உன் எதிரில் உட்கார்ந்து செய்கிறேன் என்றாள்.

மார்ச் 4

கரிக்கோட்டில் மூன்று படங்கள். மூன்றிலும் சிரிக்கிறாள். மூன்றும் யாரோ.

மார்ச் 5

சிரிப்பை நெடுநேரம் பிடித்து வைக்க யாராலும் முடியாது. முதலில் கண்ணோரச் சுருக்கங்கள் அவிழ்கின்றன. வாய் மட்டும் கடமைக்கு விரிந்திருக்கிறது. பிறகு அதுவும் ஓய்ந்து, முகம் தன் எடையில் இறங்கி உட்காருகிறது. உருவப்படம் வரைகிறவர்கள் ஆளை மணிக்கணக்கில் உட்கார வைப்பதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இன்று நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு அந்த முகம் வந்தது. துக்கத்தை எதிர்பார்த்திருந்தேன். எனக்காகப் படிப்பை விட்டவள். இத்தனை வருடங்களில் ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டாதவள். ஆனால் கீழுதடு இறுகிச் சற்றே முன்னால் வந்து நின்றது. என்ன அது?

மார்ச் 6

தொலைபேசி ஒலிக்கவில்லை.

மார்ச் 7

உதட்டோரம் ஒரு மயிரிழை நகர்ந்தால் பொறுமை ஏளனமாகிவிடுகிறது. ஆறு முறை துடைத்தேன். டர்பன்டைன் வாடையில் தலை வலிக்கிறது. 1899இல் தன் படத்துக்காக பிரெஞ்சு ஓவியர் செசான் முன்னால் நூற்றுப் பதினைந்து முறை உட்கார்ந்ததாக ஓவிய வணிகர் வோலார் எழுதி வைத்திருக்கிறார். அத்தனைக்கும் பிறகு செசானுக்கு ஓரளவு திருப்தி தந்தது சட்டையின் முன்பக்கம்தானாம். எனக்கு இன்னும் ஏழு நாட்கள் இருக்கின்றன.

மார்ச் 8

அக்கா சாப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மார்ச் 9

தூக்கம் வரவில்லை. சர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளுக்கு, 1954இல், ஓவியர் சதர்லண்ட் வரைந்த அவர் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாடாளுமன்றம் கொடுத்த பரிசு அது. அவருக்குப் பிடிக்கவில்லை, பிறகு அவர் மனைவியின் விருப்பப்படி அதை அழித்துவிட்டார்கள். தளர்ந்த ஒரு கிழவரை அதில் பார்க்க அவர்களால் முடியவில்லை போலும். அக்கா என் படத்தைப் பார்த்து, இதுவா நான் என்று கேட்டால்? அதைவிட, ஆமாம் இதுதான் என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 10

படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். இடம் வலம் மாறும்போது, கண் பழகிப்போய் மன்னித்துவிட்ட பிழைகள் எல்லாம் எழுந்து நிற்கும். மூக்குச் சரி. நெற்றி சரி. கண்கள் பொய். இமைகளை நான்தான் தாழ்த்தியிருக்கிறேன். அவள் இமைகள் அப்படி இல்லை. மேலிமையில் நான் போட்டிருந்த நிழல் என் குற்ற உணர்ச்சி. அதை அவள் முகத்தில் வைத்துவிட்டு, பார், எவ்வளவு தாங்கியிருக்கிறாள் என்று ஒரு வாரமாக உருகிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. தியாகம் செய்தவள் என்ற பெயரை அவளுக்குக் கொடுத்தது யார்? அவளாக அதை ஒருநாளும் சொன்னதில்லையே.

இமைகளைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மார்ச் 11

வரைந்துகொண்டே கேட்டேன், "எனக்காகப் படிப்பை விட்டதில் உனக்கு வருத்தமே இல்லையா?"

"உனக்காகவா?" என்றாள்.

அவ்வளவுதான். கீழுதடு முன்னால் வந்தது.

மார்ச் 12

வாய் முழுவதையும் அழித்தேன். ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு முறை உட்கார வைத்த பிறகு எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் படத்தில் தலையை ஓவியர் பிக்காசோ அழித்துவிட்டார். பிறகு 1906இல், ஸ்டைன் எதிரில் இல்லாதபோது வரைந்து முடித்தார். அதன் அர்த்தம் இன்றுதான் எனக்குப் புரிகிறது. எதிரில் இருக்கும்போது அவளுக்கு வலிக்குமோ என்றே கை தயங்குகிறது.

மார்ச் 13

அவள் தூங்கும்போது வரைந்தேன். உதடு வந்துவிட்டது. பிடிவாதம். இவள் எதையும் யாருக்காகவும் விட்டவள் இல்லை. நாளைக்கு இந்த உதடு வேண்டும் அவளுக்கு.

மார்ச் 14

ஆறு மணிக்கே தயாராகிவிட்டாள். கேன்வாஸ் முன்னால் போய் நின்றாள். ஈரம் காயவில்லை, தொட்டுவிடாதே என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரமாகிவிட்டது, கிளம்புகிறோம்.